கொடுவாவும் பைசல்ஃபைட்டும்: மெத்தில் தேடப் போய் மாட்டிக்கிட்டா எங்கெங்க பாக்கணும்

தண்டையார்பேட்ட மெட்ரோ வாசல்ல நின்னுக்கிட்டு ஒரு தம்பி போன் பண்றான். "அண்ணா, எல்லா சி-யும் சி-யாவே நிக்குதுண்ணா, ஒண்ணு கூட டி-யா மாறல, நம்ம மீனு ஃபுல்லா மெத்தில் ஆயிருக்கு, பேப்பர் எழுதிடலாமா"ன்றான். மொதல்ல ஓரமா நில்லுடா, ஆட்டோ இடிச்சிடப் போறான்னு சொல்லிட்டு கேள்வி கேக்க ஆரம்பிச்சேன். டிஎன்ஏ எழுத்து ஏ, டி, ஜி, சி-ன்னு நாலு, அதுல பெரும்பாலும் சி மேல ஒட்டற சின்ன கெமிக்கல் அடையாளம்தான் மெத்தில், அது எங்க இருக்குன்னு பாக்கறதுதான் அவன் வேலை. ஒரு மணி நேரம் ஓடிச்சு. அந்தப் பேச்சத்தான் இங்க எழுதறேன், நான் வேற வேற லேப்ல வாங்கின அடியும் கூட சேந்து வரும்.

அவன் எடுத்துக்கிட்டது காசிமேட்டுல வாங்கின கொடுவா. நம்மாளுங்களுக்கு அது கொழம்பு மீனு, வறுவல் மீனு, ஆனா அதுக்குள்ள ஒரு கூத்து இருக்கு, சின்னதுல ஆணா இருந்துட்டு வளந்தப்புறம் பெண்ணா மாறும். மாறும்போது ஜீன்ல ஒரு எழுத்து கூட மாறாது. விரையிலயும் சினைப்பையிலயும் டிஎம்ஆர்டி1, சிஒய்பி19ஏ1-ன்னு ரெண்டு ஜீன்ல மெத்தில் ஒட்டியிருக்கிற விதம் மட்டும் வேற வேறயா இருக்கும், ஆஸ்திரேலியால 2018-லயே இத காட்டிட்டாங்க. தம்பி அத நம்ம கடல் மீனுல பாக்கணும்னு எறங்கியிருக்கான், நல்ல வேலைதான்.

கோளாறுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், கீழ வர்ற எல்லா பஞ்சாயத்துக்கும் வேர் இதுதான். பைசல்ஃபைட்ங்கிற கெமிக்கலோ என்சைமோ போட்டுட்டு பிசிஆர் பண்ணி (டிஎன்ஏவ காப்பி எடுத்து பெருக்கறது) சீக்வென்ஸ் பண்றோமே (எழுத்த வரிசையா படிக்கிறது), அந்த வழியில மெத்திலை யாரும் நேரா பாக்கறதே இல்ல. 5-மெத்தில்சைட்டோசின், அதாவது மெத்தில் ஒட்டின சி, சாதா சைட்டோசின் (சி) மாதிரியே ஜி கூடத்தான் ஜோடி சேரும், காப்பி எடுக்கிற என்சைம் பாலிமரேஸுக்கு வித்தியாசமே தெரியாது, ஒரு பிசிஆர் ஓட்டினா காப்பில மெத்தில் சுத்தமா போயிடும். அதனால பிசிஆருக்கு முன்னாடியே வித்தியாசத்த எழுத்தா மாத்தியாகணும். 1992-ல சிட்னில மரியன் ஃப்ராமர் டீம் கொண்டு வந்த வழி இதுதான்: பைசல்ஃபைட் போட்டா மெத்தில் இல்லாத சி யூராசில் ஆகி பிசிஆர்ல டி-ன்னு வரும், மெத்தில் இருக்கிற சி அசையாம சி-யாவே நிக்கும். அப்போ திரையில நாம பாக்கறது மெத்தில் இல்ல, பைசல்ஃபைட் மாத்தாம விட்டது. மாத்தாம விட்டதுக்கு மெத்தில் ஒரு காரணம், வேலையே ஒழுங்கா நடக்கலங்கிறது இன்னொரு காரணம். ரெண்டும் திரையில ஒரே மாதிரிதான் தெரியும்.

எல்லா சி-யும் சி-யாவே நிக்குது

இது வந்தா நெஜமான மெத்திலுன்றத கடைசியா நம்புங்க. சிபிஜி, அதாவது சி-க்கு அடுத்து ஜி இருக்கிற எடத்த விட்டுட்டு, சி-க்கு அடுத்து ஏ-வோ டி-யோ இன்னொரு சி-யோ வர்ற எடத்த பாருங்க. மனுஷ ஜீனோம்ல சிபிஜி எடத்துல 70-லேர்ந்து 80 சதவீதம் மெத்தில் இருக்கும், மத்த எடத்துல ரத்தம் மாதிரி சாதாரண திசுல ஊறுகா தொட்டுக்கிற அளவுதான், மீனுலயும் பொதுவா அப்படித்தான். அங்கயும் சி அப்படியே நிக்குதுன்னா கன்வர்ஷன் (சி-ய டி-யா மாத்தற வேலை) நடக்கலன்னு அர்த்தம், அவ்ளோதான், பேப்பர் கிடையாது. இந்த விதி செடிக்கு ஒத்து வராது, செடில சிபிஜி இல்லாத எடத்துலயும் மெத்தில் இருக்கும், அங்க மெத்தில் இல்லாத குளோரோபிளாஸ்ட் டிஎன்ஏவ வெச்சு கன்வர்ஷன சரிபாப்பாங்க. மூளை நியூரானும் கரு ஸ்டெம் செல்லும் கூட விதிவிலக்கு, அதுங்கள்ல சிபிஜி இல்லாத எடத்துலயும் நெஜமாவே மெத்தில் உண்டு.

அடுத்த கேள்வி, லாம்ப்டா போட்டியா? லாம்ப்டா ஃபேஜ்ன்னா பாக்டீரியாவ தாக்கற ஒரு வைரஸ், மெத்தில் இல்லாத அதோட டிஎன்ஏவ சாம்பிள்ல கொஞ்சூண்டு கலந்து விட்டா அது கூடவே பயணம் பண்ணும், கடைசில அதுல எத்தன சி மிச்சம்னு எண்ணினா கன்வர்ஷன் எவ்ளோன்னு தெரிஞ்சிடும், 99 சதவீதத்துக்கு மேல இருக்கணும், 99.5 வந்தா சந்தோஷம். இதுலயும் ஒரு குழி இருக்கு. சாதா ஈ.கோலை பாக்டீரியால வளத்த லாம்ப்டால டிசிஎம்-னு ஒரு என்சைம் சிசிஏஜிஜி, சிசிடிஜிஜி எடத்துல ரெண்டாவது சி-க்கு மெத்தில் போட்டு வெச்சிருக்கும். அது தெரியாம நான் ஒரு வாரம் "கன்வர்ஷன் சரியில்ல, சரியில்ல"ன்னு பொலம்பிக்கிட்டு திரிஞ்சேன், பாத்தா நிக்கிற சி எல்லாம் அதே அஞ்செழுத்துக்குள்ள. டிசிஎம்-மும் அது மாதிரியே மெத்தில் போடற டேம்-ங்கிற என்சைமும் இல்லாத பாக்டீரியால வளத்த லாம்ப்டான்னு கேட்டு வாங்குங்க.

தம்பி லாம்ப்டா போட்டிருந்தான், அதுலயும் சி நின்னுச்சு. அப்போ மீனு மேல தப்பு இல்ல, டியூப் மேலதான் தப்பு.

டியூபுக்குள்ள என்ன தப்பாகும்னா, மொத சந்தேகம் பவுடர் மேல. நாம போடறது சோடியம் மெட்டாபைசல்ஃபைட், தண்ணில கரைஞ்சா பைசல்ஃபைட் ஆகும். இதே பவுடரத்தான் எறால் கருத்துப் போகாம இருக்க முக்கி எடுக்கறாங்க, காசிமேட்டு பக்கம் எறால் யாவாரம் பண்றவங்கள கேளுங்க, மூடி தொறந்து கெடந்த டப்பா வேலைக்கு ஆகாதுன்னு அவங்களே சொல்லுவாங்க. காத்து பட்டா ஆக்ஸிஜன் சேந்து சல்ஃபேட்டா மாறிடும், சல்ஃபேட் ஒரு வேலையும் செய்யாது. நம்ம பக்கம் கடல் காத்து ஈரம் வேற, டப்பா தொறந்து ரெண்டு மாசத்துல பவுடர் கட்டி தட்டிடும். நல்ல பவுடர் கரைச்சா தீக்குச்சி உரசின மாதிரி சுருக்குனு மூக்குல ஏறும், அது சல்ஃபர் டைஆக்சைடு, அதனால புகைய இழுக்கிற ஹூடுக்குள்ள வெச்சு கரைங்க, வீசிங் இருக்கிறவங்க கிட்டயே போகாதீங்க. சின்ன பாட்டில் வாங்கி, தொறந்த தேதிய மேல எழுதி, கரைசல அன்னன்னிக்கே போட்டு, பிஎச் 5-ன்னு மீட்டர்ல பாருங்க. கூட ஹைட்ரோகுவினோன் போடச் சொல்றது அது ஆக்ஸிஜன தடுக்கறதுக்குத்தான், வெளிச்சம் படாம டியூப வைக்கச் சொல்றதும் அதுக்குத்தான்.

ரெண்டாவது, பைசல்ஃபைட் ஒத்த இழைலதான் வேலை செய்யும். ரெட்ட இழை பிரியாம இருந்தா உள்ள இருக்கிற சி-ய தொடவே முடியாது. ஜி, சி அதிகமா இருக்கிற ஏரியா பிரிஞ்சாலும் திரும்ப ஒட்டிக்கும், புரோட்டீன் ஒட்டியிருந்தா இன்னும் மோசம். கொடுவா ரத்தத்துல டிஎன்ஏ எடுத்தீங்கன்னா இன்னொரு விஷயம், மீனோட செவப்பணுல நியூக்ளியஸ் இருக்கு, நமக்கு மாதிரி இல்ல, ஒரு துளில டிஎன்ஏ கொட்டும், பசை மாதிரி வரும். நெறய வந்துச்சேன்னு மொத்தத்தையும் போட்டா கன்வர்ஷன் பாதில நிக்கும். 500 நானோகிராம் தாராளம்.

மூணாவது கரெண்ட். பழைய முறைல 50 டிகிரி பக்கம் ராத்திரி முழுக்க 12, 16 மணி நேரம் வைக்கணும். கோடைல எங்க ஏரியால ராத்திரி ரெண்டு மணிக்கு கரெண்ட் போய் நாலு மணிக்கு வரும், மெஷின் திரும்ப எழுந்து நல்ல பிள்ளையா "முடிஞ்சது"ன்னு காட்டும். லாக் பாக்காம விட்டா தெரியவே தெரியாது.

எந்த காரணம்னு ரீட (மெஷின் படிச்சுக் குடுக்கிற ஒவ்வொரு டிஎன்ஏ துண்டு) பாத்தே ஓரளவுக்கு சொல்லலாம், இத யாரும் எனக்கு சொல்லிக் குடுக்கல. ஒவ்வொரு ரீடா எடுத்து வெச்சு பாருங்க. சில ரீடுல ஒரு சி கூட மாறல, மத்ததுல எல்லாம் மாறியிருக்குன்னா, அந்த மூலக்கூறு இழை பிரியவே இல்ல, இல்லாட்டி கன்வர்ட் ஆகாத டிஎன்ஏ உள்ள புகுந்துடுச்சு. எல்லா ரீடுலயும் அங்கொண்ணும் இங்கொண்ணுமா செதறி சி நிக்குதுன்னா கெமிஸ்ட்ரி பலவீனம், பவுடர், பிஎச், நேரம் இதுல எதோ ஒண்ணு. பிசிஆர எங்க ஆரம்பிக்கணும்னு காட்டற சின்ன டிஎன்ஏ துண்டுதான் ப்ரைமர், அதையும் ஒரு தடவ பாத்துருங்க, ப்ரைமர் உக்கார்ற எடத்துல சிபிஜி அல்லாத சி நாலஞ்சாவது இருக்கணும், அத டி-ன்னு எழுதி ப்ரைமர் போட்டா கன்வர்ட் ஆனத மட்டும் புடிக்கும். அது இல்லன்னா கன்வர்ட் ஆகாத டிஎன்ஏவயும் சந்தோஷமா பெருக்கி குடுத்துடும்.

எல்லாமே டி-யா போச்சு

இது முந்தினதுக்கு நேர் எதிர், பல பேரு இத சந்தேகப்படறதே இல்ல, "மெத்தில் இல்ல போல"ன்னு எழுதிட்டு போயிடறாங்க. சில சமயம் அது உண்மையாவும் இருக்கும், எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கிற ஜீனோட ப்ரோமோட்டர்ல (ஜீன ஆரம்பிச்சு வைக்கிற எடம்) சிபிஜி நெருக்கமா கூடியிருக்கிற சிபிஜி தீவு இருக்கும், அங்க மெத்தில் பொதுவா இருக்காது. ஆனா பாசிட்டிவ் கன்ட்ரோல்ல, அதாவது மெத்தில் நிச்சயமா இருக்கிற டிஎன்ஏல, சி நின்னாத்தான் இத நம்பலாம். தம்பி என்ன பாசிட்டிவ் கன்ட்ரோல் போட்டான்னு கேட்டா, அதே ஜீனோட பிசிஆர் ப்ராடக்ட்டாம். டேய், பிசிஆர்லதான் மெத்திலே போயிடுதே, அது நெகட்டிவ் கன்ட்ரோல்டா! சிரிக்காதீங்க, இந்த தப்ப செஞ்ச பெரிய மனுஷங்கள நான் பாத்துருக்கேன். அதே பிசிஆர் ப்ராடக்ட்டுக்கு எம்.எஸ்எஸ்எஸ்ஐ என்சைம் போட்டு சிபிஜி எல்லாத்துக்கும் மெத்தில் ஏத்தினாத்தான் அது பாசிட்டிவ். அதுக்கு மெத்தில் குடுக்கிறது எஸ்-அடினோசில்மெத்தியோனின், அது 37 டிகிரில சீக்கிரமே கெட்டுப் போற சாமான், ஃப்ரீசர்ல எடுத்து எடுத்து வெச்ச பழைய டியூப்னா மெத்தில் ஏறாது. நடுவுல ஒரு தடவ புதுசா சேத்து விடணும்.

ரொம்ப நேரம் வேக வெச்சாலும் மெத்தில் இருக்கிற சி கூட மெதுவா டி-யாகும். மொத கேஸுல பயந்து போய் "இன்னும் நாலு மணி நேரம் வெப்போம்"னு ஏத்தினா இங்க வந்து விழுவீங்க.

அப்புறம் எஸ்என்பி, அதாவது மீனுக்கு மீனு ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மீனுல அந்த எடத்துல பொறப்புலயே டி-யா இருந்தா? சிபிஜி-ல இது ரொம்ப சகஜம், ஏன்னா மெத்தில் சி தானா அமினோவ எழந்தா டி ஆயிடும், அத ரிப்பேர் பண்றது கஷ்டம், பரிணாமத்துல நெறய சிபிஜி காணாமப் போனதே இப்படித்தான். எதிர் இழைய சீக்வென்ஸ் பண்ணிப் பாருங்க: பைசல்ஃபைட் மாத்தின டி-ன்னா எதிர்ல ஜி அப்படியே இருக்கும், பொறவி டி-ன்னா எதிர்ல ஏ இருக்கும். இல்லாட்டி பைசல்ஃபைட் போடாத டிஎன்ஏவ சும்மா ஒரு சாங்கர் சீக்வென்சிங் ஓட்டுங்க, வேலை முடிஞ்சது.

பிசிஆரோட ஓரவஞ்சனையும் இருக்கு. கன்வர்ட் ஆனப்புறம் மெத்தில் இல்லாத டிஎன்ஏ ஏ-யும் டி-யுமா இருக்கும், அது ஈஸியா பெருகும், மெத்தில் இருந்தது ஜி, சி மிச்சம் வெச்சிருக்கும், அது பின்தங்கும். மெத்தில் ஏத்தின டிஎன்ஏ 0, 25, 50, 75, 100 சதவீதம்னு அஞ்சு கலவை போட்டு ஓட்டுங்க. 50 போட்ட எடத்துல 20 வந்தா ப்ரைமர மாத்துங்க, இல்ல ப்ரைமர் ஒட்டற (அனீலிங்) டெம்பரேச்சர மாத்துங்க.

பேண்டே வரல

பிசிஆர் முடிச்சு ஜெல்ல ஓட்டினா டிஎன்ஏ ஒரு கோடா தெரியணும், அதுதான் பேண்டு. அதிகமா கண்ணுல தண்ணி வர்றது இதுலதான். பைசல்ஃபைட் டிஎன்ஏவ துண்டு துண்டா நொறுக்கிடும், போட்டதுல பெரும்பகுதி பிசிஆருக்கு ஒதவாத துண்டா போறது சாதாரணம். சாதா டிஎன்ஏல 800 எழுத்து வந்த ப்ரைமர இங்க போட்டா ஒண்ணும் வராது. 150-லேர்ந்து 300 எழுத்துக்குள்ள வெச்சுக்கங்க.

மீனு வாங்கின நேரமும் கணக்குல வரும். விடிகாலைல போட்லேர்ந்து எறங்கினதும் ஐஸ்ல போட்டு வெட்டின கொடுவா வேற, பத்து மணிக்கு வெயில்ல பலகைல கெடந்தது வேற, ரெண்டாவதுல டிஎன்ஏ முன்னாடியே கூழாயிருக்கும். தம்பி மொத தடவ போனப்போ மீன் வெட்டற அக்கா, "தம்பி, இன்னாத்துக்கு வயித்துக்குள்ள கீறத மட்டும் கேக்குற, மீன நீ துன்னமாட்டியா?"ன்னு கேட்டாங்களாம். வெட்டினதும் அங்கேயே எத்தனால் டியூப்ல போட்டுடணும், லேப்க்கு வந்து போட்டுக்கலாம்னு கவர்ல எடுத்துட்டு வரக்கூடாது.

பாலிமரேஸ் மாத்தணும். பிஎஃப்யூ மாதிரி தப்ப திருத்திக்கிட்டே காப்பி எடுக்கிற ப்ரூஃப்ரீடிங் பாலிமரேஸ் யூராசில பாத்தா அப்படியே நின்னுடும், அது அதோட கொணம். டாக் வகை போடுங்க, இல்ல யூராசில தாண்டிப் போகும்னு சொல்லி விக்கிறத போடுங்க.

கடைசி ஸ்டெப்புல காரம் போட்டு, பைசல்ஃபைட் ஒட்ட வெச்ச சல்ஃபோனேட்ட கழட்டணும், அது ஒழுங்கா கழலலன்னா பாலிமரேஸ் முட்டி நிக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காத்துல இருக்கிற கார்பன் டைஆக்சைட இழுத்து பலம் கொறஞ்சு போகும், போன வருஷம் கலக்கி வெச்ச பாட்டில கொட்டிட்டு புதுசு போடுங்க.

கன்வர்ட் ஆன டிஎன்ஏ இருக்கா இல்லையான்னு பாக்கறதுலயும் ஏமாறுவீங்க. ஜெல்ல ஓட்டினா ஒண்ணுமே தெரியாது, ஐயோ எல்லாம் போச்சுன்னு டியூப தூக்கிப் போட்டுடுவீங்க, போட்டுடாதீங்க! இப்போ அது ஒத்த இழை, ரெண்டு இழையும் இனிமே ஒண்ணுக்கொண்ணு ஜோடியும் கிடையாது, டிஎன்ஏவ ஜெல்ல ஒளிர வைக்கிற சாயம் எத்திடியம் ப்ரோமைடு ஒட்டறதுக்கு எடம் இல்ல. ஓட்டி முடிச்ச ஜெல்ல கொஞ்ச நேரம் ஐஸ்ல வெச்சுட்டு பாருங்க, குளுந்ததும் அங்கங்க மடிஞ்சு ஒட்டிக்கும், 1500-லேர்ந்து 100 வரைக்கும் புகை மாதிரி இழுத்துக்கிட்டு தெரியும். டிஎன்ஏ அளவு பாக்கிற நானோடிராப் மெஷின்லயும் ரெட்ட இழை செட்டிங் வெக்காதீங்க, ஆர்என்ஏ செட்டிங்ல 40-ன்னு வெச்சு அளங்க.

சாங்கர் கோடு கண்றாவியா இருக்கு

சி-யெல்லாம் போய் டி டி டி டி-ன்னு வரிசையா இருக்கும், பாலிமரேஸ் அதுல வழுக்கும், வழுக்கின எடத்துக்கு அப்புறம் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வரும். எதிர்ப்பக்க ப்ரைமர்ல ஓட்டிப் பாருங்க. சி ரொம்ப கம்மியா இருக்கிறதால சாஃப்ட்வேர் சி கோட்ட மட்டும் ஊதிப் பெருசாக்கும், அதனால சி உயரத்தையும் டி உயரத்தையும் ஒப்பிட்டு சதவீதம் போடறது ஆபத்து. டிஏ குளோனிங் பண்ணி (ஒவ்வொரு துண்டையும் தனித்தனி பாக்டீரியால ஏத்தறது) பத்து பன்னெண்டு காலனி எடுத்துப் படிக்கிறது பழைய வழி, போர் அடிக்கும், ஆனா பொய் சொல்லாது.

என்சைம் வெட்டல, இல்ல ரெண்டும் ஒரே மாதிரி வெட்டுது

ஹெச்பிஏ2, எம்எஸ்பி1 ரெண்டும் டிஎன்ஏவ வெட்டற என்சைம், சிசிஜிஜி-ன்னு வர்ற எடத்த வெட்டும். உள் சி-ல மெத்தில் இருந்தா ஹெச்பிஏ2 வெட்டாது, எம்எஸ்பி1 வெட்டும். ரெண்டும் ஒரே மாதிரி வெட்டினா உள் சி-ல மெத்தில் இல்லன்னு அர்த்தம். செலவு கம்மி, ஒரே நாள்ல முடியும், பைசல்ஃபைட்டுக்கு முன்னாடி இத ஓட்டுங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், யாரும் கேக்கறதில்ல. ரெண்டும் வெட்டலன்னா டிஎன்ஏல பீனாலோ உப்போ மிச்சம் இருக்கு, லாம்ப்டாவ கூட வெச்சு வெட்டிப் பாருங்க. வெளி சி-ல மெத்தில் இருந்தா எம்எஸ்பி1-ம் நிக்கும், செடில இது வரும்.

பாக்டீரியால இருக்கிற வட்ட டிஎன்ஏவான ப்ளாஸ்மிட்ல எக்ஸ்பிஏ1, சிஎல்ஏ1 என்சைம் வெட்டாம அடம் புடிச்சா என்சைம் விக்கிறவன திட்டாதீங்க. பக்கத்து எழுத்தோட சேந்து அங்க ஜிஏடிசி உருவாகியிருக்கும், ஈ.கோலையோட டேம் என்சைம் அதுல இருக்கிற ஏ-க்கு மெத்தில் போட்டுடும். டேம் இல்லாத பாக்டீரியால ப்ளாஸ்மிட்ட ஏத்தி திரும்ப எடுங்க.

மூளைல ஒரு நம்பர், வேற முறைல வேற நம்பர்

பைசல்ஃபைட்டுக்கு 5-மெத்திலும் 5-ஹைட்ராக்ஸிமெத்திலும் (மெத்தில்ல ஆக்ஸிஜன் சேந்தது) ஒண்ணுதான், ரெண்டையும் சி-ன்னுதான் காட்டும். ரத்தத்துல ஹைட்ராக்ஸிமெத்தில் ரொம்ப கம்மி, அதனால யாரும் கவலைப்படல. 2009-ல சிறுமூளை பர்கிஞ்சி நியூரான்லயும், மெத்தில ஹைட்ராக்ஸிமெத்திலா மாத்தற டெட்1 என்சைம் செய்யற வேலையிலயும் அது இருக்குன்னு ஒரே நேரத்துல ரெண்டு டீம் சொன்னப்புறம்தான் பழைய மூளை டேட்டா எல்லாத்தையும் திரும்ப ஒரு தடவ பாக்க வேண்டியதாப் போச்சு.

இத பிரிக்க 2012-ல ரெண்டு வழி வந்துச்சு. ஒண்ணு ஆக்ஸிடேட்டிவ் பைசல்ஃபைட், ஷங்கர் பாலசுப்ரமணியன் டீமோடது. அவரு 1966-ல நம்ம சென்னைல பொறந்தவரு, கைக்கொழந்தையா இருக்கும்போதே இங்கிலாந்துக்கு போயிட்டாரு, டிஎன்ஏ படிக்கிற இல்லுமினா மெஷினுக்கு அடிப்படையான சீக்வென்சிங் முறையும் அவரும் டேவிட் க்ளெனர்மனும் சேந்து கண்டுபுடிச்சதுதான். பொட்டாசியம் பெர்ருத்தினேட் போட்டா ஹைட்ராக்ஸிமெத்தில் ஃபார்மில் ஆகும், அது பைசல்ஃபைட்ல டி ஆயிடும், மிச்சம் நிக்கிற சி சுத்தமான 5-மெத்தில். சாதா பைசல்ஃபைட் நம்பர்லேர்ந்து இத கழிச்சா ஹைட்ராக்ஸிமெத்தில் எவ்ளோன்னு வரும். கழிச்சா சில எடத்துல மைனஸ் வரும், பயப்படாதீங்க, ரீடு ஆழம் (ஒரு எடத்த எத்தன தடவ படிச்சோம்ங்கிறது) பத்தல, அவ்ளோதான், மைனஸ மறைச்சு சைபர்னு எழுதறதுதான் தப்பு. இன்னொண்ணு டேப்-சீக், அது ஹைட்ராக்ஸிமெத்திலுக்கு க்ளூக்கோஸ் ஒட்டி காப்பாத்தி வெச்சுட்டு மத்தத மாத்தும், நேரா ஹைட்ராக்ஸிமெத்தில மட்டும் காட்டும், ஆனா டெட் என்சைம் நல்லா வேலை செஞ்சாத்தான்.

என்சைம் முறைல போனேன், மெத்தில் கன்ட்ரோல் விழுந்துடுச்சு

பைசல்ஃபைட் நொறுக்குதேன்னு ஈஎம்-சீக்-ங்கிற என்சைம் முறை பக்கம் போறவங்க இப்போ அதிகம், டிஎன்ஏ உடையாது, காசு இருந்தா நல்ல வழி. இதுல ரெண்டு கன்ட்ரோலும் ரெண்டு வேற கோளாற சொல்லும். டெட்2-ம் க்ளூக்கோஸ் ஒட்டற என்சைமும் மெத்தில காப்பாத்தும், அப்புறம் அபோபெக்-னு இன்னொரு என்சைம் வந்து காப்பாத்தாத சி-ய மாத்தும். அபோபெக்குக்கு மெத்தில் இருந்தாலும் ஒண்ணுதான், மாத்திடும். அதனால மெத்தில் ஏத்தின ப்ளாஸ்மிட்ல சி கொறஞ்சா டெட்2 வேலை செய்யல. லாம்ப்டால சி நின்னா இழை பிரியல, இல்ல அபோபெக் வேலை செய்யல. டெட்2 சொதப்பறதுக்கு பெரும்பாலும் ஈடிடிஏதான் காரணம், டெட்2-க்கு இரும்பு வேணும், டிஎன்ஏவ ஈடிடிஏ கலந்த டிஇ பஃபர்ல எடுத்து வெச்சிருந்தா ஈடிடிஏ இரும்ப புடிச்சுக்கும். இரும்பு கரைசலையும் கலக்கின கையோட போட்டுடணும், டீ குடிச்சிட்டு வந்து போட்டா போச்சு.

நானோபோர் ஓட்டினேன், மெத்தில் ஒண்ணுமே காட்டல

மேல சொன்னதுக்கு நானோபோர் விலக்கு. கெமிக்கல் எதுவும் வேணாம், டிஎன்ஏ ஓட்ட வழியா போறப்போ கரெண்ட்ல வர்ற மாத்தத்த வெச்சு மாடல் மெத்தில கணிக்கும். சோதனை இப்படி போகணும்: லைப்ரரி (மெஷினுக்கு தயார் பண்ற டிஎன்ஏ) பிசிஆர் கிட்ல பண்ணீங்களா? பண்ணியிருந்தா மூடிட்டு போயிடுங்க, மெத்தில் போயாச்சு, நேட்டிவ் லைகேஷன் கிட்தான் வேணும். நேட்டிவ்தான்னா, சிக்னல எழுத்தா மாத்தற பேஸ்காலிங்ல மெத்தில் மாடல தேர்ந்தெடுத்தீங்களா? சும்மா எழுத்து மாடல் மட்டும் ஓட்டினா எழுத்துதான் வரும். பேஸ்கால் பண்ற டொராடோ சாஃப்ட்வேர்ல மாடிஃபிகேஷன் மாடலையும் சேத்து சொல்லி, மூல சிக்னல் இருக்கிற பாட்5 ஃபைல்லேர்ந்து திரும்ப ஓட்டணும். பாட்5 இருந்தாத்தான். ஒரு எடத்துல ஹார்ட் டிஸ்க் நெறஞ்சிடுச்சுன்னு பாட்5-ய அழிச்சிட்டு எழுத்து மட்டும் இருக்கிற ஃபாஸ்ட்க்யூ ஃபைல மட்டும் வெச்சிருந்தாங்க, "டேட்டா எல்லாம் பத்திரமா இருக்கு சார்"னு சொன்னாங்க, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

ரீடு எல்லாம் இருக்கிற பாம் ஃபைல்ல எம்எம், எம்எல்-னு ரெண்டு டேக் இருக்கான்னு பாருங்க, மெத்தில் தகவல் அங்கதான் உக்காந்திருக்கும். பேஸ்கால் பண்ணப்போ இருந்துச்சு, அலைன் பண்ணப்புறம் (ரீட ஜீனோமோட பொருத்தறது) காணோம்னா, நடுவுல ஃபாஸ்ட்க்யூவா மாத்தினப்போ உதுந்து போச்சு. சாம்டூல்ஸ் சாஃப்ட்வேர்ல மாத்தும்போது அந்த ரெண்டு டேகையும் எடுத்துக்கோன்னு சொல்லணும், அலைன் பண்ற மினிமேப்2-லயும் கமென்ட்ட கடத்தச் சொல்லணும், அங்க -y, -Y-ன்னு ரெண்டு ஆப்ஷன், சின்ன வை-க்கும் பெரிய வை-க்கும் வேற வேற வேலை. சின்னது டேக கடத்தும், பெரியது ஓரத்த வெட்டித் தள்ளாம சாஃப்ட் க்ளிப்பா வெக்கும், வெட்டித் தள்ளினா டேக்ல இருக்கிற எண்ணிக்கை எழுத்தோட ஒத்துப் போகாது. நான் ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு ஒரு நாள் வீணாக்கினேன்.

மெத்தில எண்ணற மாட்கிட் சாஃப்ட்வேர்ல எண்ணிப் பாத்தா ரீடு கம்மியா வருதேன்னு கேப்பீங்க, நம்பிக்கை கொறஞ்ச பத்து சதவீதத்த அது தானாவே தள்ளிடும், அது கோளாறு இல்ல.

மீனுல 6-மெத்தில் அடினின் கெடச்சிருக்கு

இத சொல்லிக்கிட்டு யாராவது வந்தா மொதல்ல ஒரு காபி வாங்கிக் குடுங்க. சி-க்கு பதிலா ஏ மேல மெத்தில் ஒட்டறது இது, பாக்டீரியால தாராளம், ஜிஏடிசி-ல இருக்கிற ஏ கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கும். முதுகெலும்பு இருக்கிற உயிர்ங்கள்ல இது இருக்குன்னு 2016 வாக்குல பெரிய பேச்சு கெளம்புச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா திரும்ப பாத்தப்போ பெரும்பகுதி பாக்டீரியா டிஎன்ஏ கலப்புன்னு தெரிய வந்துச்சு, 2022-ல சயன்ஸ் இதழ்ல வந்த ஆய்வு அத நல்லாவே பிரிச்சுக் காட்டிடுச்சு. மீனுன்னா கொடலு பக்கத்துலயே இருக்கு, வெட்டற கத்தி ஒண்ணு, பலகை ஒண்ணு, கழுவற தண்ணி ஒண்ணு, கலக்காம எப்படி இருக்கும்? மூலக்கூறு எடை பாக்கற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாத்தேன்னு சொன்னாலும் நம்பாதீங்க, டிஎன்ஏவ கரைக்கப் போடற என்சைமே பாக்டீரியால செஞ்சது, அது கூடவே அதோட டிஎன்ஏ வரும். டிஎன்ஏ போடாம என்சைம் மட்டும் போட்ட டியூப் ஒண்ண ஓட்டுங்க, அதுல பீக் வந்தா வீட்டுக்கு போகலாம். ஆன்டிபாடி போட்டீங்கன்னா ஆர்என்ஏ மிச்சம் இருந்தா அதுல இருக்கிற 6-மெத்திலையும் புடிக்கும், ஆர்என்ஏவ அழிக்கிற ஆர்என்ஏஸ் என்சைம் போட்டு திரும்ப பாருங்க.

ஆர்என்ஏ மிச்சம் இருந்தா மாஸ் ஸ்பெக்ல இன்னொரு தில்லுமுல்லும் வரும். ஆர்என்ஏவோட 5-மெத்தில்சைட்டிடினும் டிஎன்ஏவோட 5-ஹைட்ராக்ஸிமெத்தில் டிஆக்ஸிசைட்டிடினும் ஒரே ஃபார்முலா, ரெண்டுமே 258-ல வரும். உடைச்சப்புறம் மொதலாவது 126, ரெண்டாவது 142. துண்ட பாக்காம மொத எடைய மட்டும் பாத்து "ஹைட்ராக்ஸிமெத்தில் கொட்டுது"ன்னு எழுதிடாதீங்க.

8-ஆக்ஸோகுவானின் எக்கச்சக்கமா இருக்கு

இது ஜி-ல ஆக்ஸிஜன் ஏறினது, டிஎன்ஏ எடுக்கும்போதே காத்து பட்டு உருவானதா இருக்கும். ஒரே மாதிரி செல்லுல லேபுக்கு லேப் பல மடங்கு வித்தியாசம் வந்து, அத சரி பண்ணவே ஐரோப்பால தனியா கூட்டு வெச்சு வேலை பாத்தாங்க. பீனால், சூடு, இரும்பு மூணையும் கொறைங்க, டிஃபெராக்ஸமின் மாதிரி இரும்ப புடிக்கிறத போடுங்க.

தம்பி கதைக்கு வரேன். டப்பாவ எடுத்துப் பாக்கச் சொன்னேன், மூடில தேதி இல்ல, உள்ள கல்லு மாதிரி கட்டி, கரைச்சா மூக்குல ஒண்ணும் ஏறல. புது பாட்டில் வாங்கி, பிசிஆர் ப்ராடக்ட்டுக்கு மெத்தில் ஏத்தி பாசிட்டிவா வெச்சு, லாம்ப்டா போட்டு திரும்ப பண்ணான். ரெண்டு வாரம் கழிச்சு போன். "அண்ணா, லாம்ப்டா 99.4ண்ணா, சூப்பர். ஆனா இன்னொரு கொடுவா சாம்பிள் கன்வர்ட் பண்ணி ஜெல்ல போட்டேன், ஒண்ணுமே தெரியல, சாம்பிள் மொத்தமா போச்சு போலண்ணா, குப்பைல போட்டுடவா?"

ஐஸ்ல வெச்சியாடான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் வெச்சுட்டு கூப்புடறேன்ணான்னு கட் பண்ணிட்டான்.